அப்பா ஓட்டியது வண்டிதான்

குமரா, நீ கேட்ட பருப்புப்பொடியையும் கறிவேப்பிலைப்பொடியையும் இடித்து, இரண்டு பைக்குள் பை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். விமானத்தில் விடுவார்களோ மாட்டார்களோ, அது உன் பாடு. நீ போகப்போகிற ஜெர்மனியில் இப்போது எலும்பு வரைக்கும் குளிரும் என்றாய். உன் அப்பா கணவாய் தாண்டிப் புனலூருக்கு பஸ் ஓட்டிய காலத்தில் போட்டுக்கொண்ட கம்பளிச் சட்டை இன்னும் பரணில்தான் இருக்கிறது. அதை இறக்கி, உதறி, வெயிலில் போட்டு உன் பெட்டிச் சாமான்களோடு வைத்தேன். சாயங்காலம் மறுபடி எடுத்து என் கட்டிலில் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று இதைப் படித்து முடிக்கும்போது உனக்குத் தெரியும். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. "எம்மா, மொதல்ல நான் சொல்லுதத கேளு" என்று ஆரம்பித்தால் நீதான் கடைசிவரை சொல்லுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன்.

இலஞ்சியில் பிறந்ததால் கோவிலில் இருக்கிறவன் பெயரையே உனக்கு வைத்தோம். தெருவில் குமரா என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நாலு பேரில் நீதான் பெங்களூருக்குப் போய், பேட்டரி ஸ்கூட்டர் செய்கிற கம்பெனியில் சேர்ந்தவன். வண்டியை நீ செய்யவில்லை, வண்டிக்குள் இருக்கிற மூளையைச் செய்கிறாய் என்று உன் அப்பா டீக்கடையில் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். "என் பையன் இங்கன இருந்தே அங்கன நிக்க வண்டிய தொறப்பான், பூட்டுவான் பாத்துக்கிடுங்க" என்பார். அவருக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அப்போது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு நடந்ததை நீ பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "வெளிச்சம் கம்மியா இருந்தா உங்களுக்குச் சரியாத் தெரியாது, அண்ணாச்சி. இனிமே ஓட்டாதீங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். ஒரு கோழியைக்கூட அடிக்காமல் மலைப்பாதையில் காலத்தைக் கழித்த மனிதர் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதை நான்தான் உனக்குச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தத் தீபாவளிக்கு நீ ஸ்கூட்டரோடு வந்து இறங்கினாய். வேகம் குறைந்த வண்டி, அதற்கு லைசென்ஸ் வேண்டாம், நம்பர் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம், சைக்கிள் மாதிரிதான் என்றாய். புகை இல்லை, சத்தம் இல்லை, பூமிக்கு நல்லது என்றாய். உன் அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டினார். டாக்டர் வேண்டாம் என்று சொன்னதை நாம் கடையில் வாங்கிக் கொடுக்கிறோம் என்று அன்றைக்கு நம் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. சட்டமே சும்மா இருக்கும்போது நமக்கென்ன என்று இருந்துவிட்டோம்.

அவர் அந்த ஸ்கூட்டரையும் பஸ் மாதிரிதான் ஓட்டினார். சிரிக்காதே. நான் பின்னால் உட்கார்ந்து, "ரைட்" சொல்லாமல் வண்டி நகராது. ரோட்டில் காற்றடித்தால் நான் கத்துவது அவருக்குக் கேட்காது என்று தோளில் தட்டச் சொன்னார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். கண்டக்டர் விசில் கணக்கு அது. கல்யாணமான நாளிலிருந்து பஸ்ஸில் எனக்கு டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் இடம் பிடித்துத் தருவார். வயதான காலத்தில் கண்டக்டர் வேலையே கொடுத்துவிட்டார். சந்தைக்குப் போனால் ஒரு தட்டு, கிளம்பினால் இரண்டு தட்டு. வீட்டில்கூட, அவர் யாரிடமாவது கோபமாகப் பேச ஆரம்பித்தால் முழங்கையில் ஒரு தட்டு தட்டுவேன். நின்றுவிடுவார். ஊரில் யாருடைய பேச்சையும் கேட்காத மனிதர் அதற்கு மட்டும் கட்டுப்பட்டார்.

ஆனால் வண்டி குற்றாலத்துக்கு ஏறவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால் ஏற்றத்தில் முக்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் முந்திக்கொண்டு போய், "தாத்தா, தள்ளி விடவா?" என்று கேட்டதுகள். அதை அவர் சிரித்துக்கொண்டே போனில் உன்னிடம் சொன்னார். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று உனக்கும் தெரிந்துவிட்டது. "கொஞ்சம் இருங்கப்பா" என்றாய். அடுத்த நாள் வண்டி வேறு வண்டியாகிவிட்டது. வேகத்துக்குப் போட்டிருந்த பூட்டை நீ பெங்களூரில் இருந்தே எடுத்துவிட்டிருந்தாய். அவர் முகத்தில் அன்று வந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன், அதனால்தான் உன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவருக்காகச் செய்தாய். நானும் பின்னால் உட்கார்ந்து, சேலை பறக்க, ரசித்துக்கொண்டுதான் போனேன்.

ஆனி மாதம் சாரல் விழ ஆரம்பித்ததும், கூட்டம் வருவதற்கு முன்னால் குளித்துவிட்டு வந்துவிடலாம் என்று விடியலில் கிளம்புவோம். அன்றைக்கும் அப்படித்தான். லேசான தூறல், இன்னும் சரியாக வெளுக்கவில்லை. ஊருக்குள் போகும்போது அவர் வழக்கப்படி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தார். பஸ் ஓட்டிய கை சும்மா இருக்காது. நான்தான், "ஏங்க, காலங்காத்தால ஊரையே எழுப்புதீயளே, பச்சப்பிள்ளைய தூங்கும்லா" என்று சொன்னேன். அவர் கையை எடுத்துவிட்டார். ஊர் தாண்டி, தென்னந்தோப்பு தாண்டி, ரோடு வளைகிற இடம் வந்தது. பஸ்ஸில் இருந்த காலமெல்லாம் ஹார்ன் அடிக்காமல் அவர் ஒரு வளைவு திரும்பியதில்லை. அன்று நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டோ என்னவோ, அடிக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும்கூட.

முத்தையாவை நீ கோர்ட் காகிதத்தில் வெறும் பெயராகப் பார்த்திருப்பாய். அவருக்கு வடகரை. சீசன் வந்தால் குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி, அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். சீசனில் அந்தக் கை சம்பாதிப்பதுதான் வருஷம் முழுக்கச் சோறு. அன்று தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, எண்ணெய்ப் பாட்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரோட்டோரமாகத்தான் நடந்து போனார். அவருக்கு வண்டி வந்தது தெரியவில்லை, உன் அப்பாவுக்கு அவர் தெரியவில்லை. நான் தோளில் ஒரு தட்டு தட்டினேன். தட்டும்போதே இடித்துவிட்டது. அந்த வேகத்தில் முத்தையா கையை ஊன்றி விழுந்தார். ரோடெல்லாம் எண்ணெய். எங்களுக்குச் சிராய்ப்புதான். முத்தையா வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, உன் அப்பாவைப் பார்த்துக் கத்தினார்: "சத்தம் இல்லாம வந்து இடிச்சிட்டீரேவே! பாம்புகூட சரசரன்னு சொல்லிட்டு வரும்வே! இந்தக் கைய வச்சு நான் என்னவே செய்வேன்?"

உன் அப்பா ஓடவில்லை. அதை நீ எப்போதும் நினைவில் வைத்துக்கொள். ஆட்டோ பிடித்து, அவரைத் தாங்கித் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, நேராக ஸ்டேஷனுக்குப் போய், "நான்தான் ஓட்டினேன்" என்றார். எழுத உட்கார்ந்த போலீஸ்காரர், ஆள் அனுப்பி எடுத்துவந்த வண்டியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்பரே இல்லியே. இத நான் என்னன்னு எழுத? சைக்கிள்னு எழுதவா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை. "வண்டின்னு எழுதுங்க சார்" என்றார்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். அவர் காதில் சரியாகக் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். "யப்பா, வண்டி இனிமே பழையபடி மெதுவாத்தான் போவும். நான் பூட்டிட்டேன். யாரு கேட்டாலும் எப்பவுமே அப்படித்தான்னு சொல்லுங்க" என்றாய். பயந்துபோய்ச் சொன்னாய், குரலிலேயே தெரிந்தது. அப்பா ஜெயிலுக்குப் போய்விடுவாரோ என்ற பயம். உன் வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்திருக்கும், அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். ஸ்டேஷன் வாசலில் வண்டியை ஓட்டிப் பார்த்தார். அது ஆடி அசைந்து ஊர்ந்தது. ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கினார், அப்போதும் ஊர்ந்தது. "இது வேகம் குறைஞ்ச வண்டிதான்" என்று எழுதிக்கொண்டார். உன் அப்பா ஒரு அடி முன்னால் எடுத்து வைத்து, "சார்" என்றார். நான் அவர் முழங்கையில் ஒரு தட்டு தட்டினேன்.

அவர் நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்து, "ஏட்டி, வண்டி பொய் சொல்லுதுடி" என்றார். "எத்தன வண்டி ஓட்டிருக்கேன். பிரேக் போச்சுன்னா கிறீச்சுன்னு சொல்லும், எஞ்சின் சூடாச்சுன்னா நாறும். ஒரு வண்டியும் என்கிட்ட பொய் சொன்னதில்ல. இது எம் பிள்ள சொன்னபடி பொய் சொல்லுது." அதற்குப் பிறகு அவர் அதில் ஏறவில்லை. குற்றாலத்துக்கு நடந்தே போவார், குளிக்க இல்லை, முத்தையாவைப் பார்க்க. பழம் வாங்கிக்கொண்டு போவார். முதல் தடவை முத்தையா பழத்தைத் தூக்கி வெளியே போட்டாராம். அடுத்த தடவை வாங்கி வைத்துக்கொண்டாராம். எலும்புக்குத் தகடு வைத்தும் விரல்கள் மடங்கவில்லை. ஒவ்வொரு தடவை திரும்பி வந்ததும் உன் அப்பா தன் வலது கையை நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரித்துப் பார்ப்பார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சொல்லிவிடலாமா என்று ஒருநாள்கூட அவர் என்னிடம் கேட்கவில்லை. நான்தான் ஒரு தட்டு தட்டிவிட்டேனே. இரண்டு தட்டு வருமென்று காத்திருந்தாரோ என்று இப்போதுதான் நினைக்கிறேன். கார்த்திகையில், சாப்பிட்ட கை கழுவப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார்.

நீ வந்தாய், கொள்ளி வைத்தாய், எல்லாம் முறையாகச் செய்தாய். வீட்டிலிருந்து எடுப்பதற்கு முன்னால் வாய்க்கரிசி போட்டார்களே, அப்போது முத்தையா வந்ததை நீயும் பார்த்தாய். வழக்குப் போட்டவர் எதிராளி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அவருடைய வக்கீல் சொல்லித்தான் இருப்பார். ஆனாலும் வந்தார். எல்லோரும் வழி விட்டார்கள். இடது கையால் போடக்கூடாதே, வலது கையால் அரிசியை அள்ளினார். விரல் மடங்கினால்தானே அரிசி நிற்கும்? குனிந்து உன் அப்பா வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவருவதற்குள் அத்தனையும் விரலிடுக்கில் ஒழுகி நெஞ்சில் கொட்டிவிட்டது. மறுபடி அள்ளினார், மறுபடியும் கொட்டியது. "ஒம்ம வாய்க்கு ஒரு மணிகூட சேர மாட்டங்குதேவே" என்று அழுதார். நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கும்போது நான் அவர் தோளில் இரண்டு தடவை தட்டினேன். அழுகையில் அடித்துக்கொள்கிறேன் என்று நினைத்து நீ என் கையைப் பிடித்தாய்.

போலீஸ் வழக்கு அவரோடு போய்விட்டது. முத்தையா போட்ட இழப்பீட்டு வழக்கு மட்டும் உன் மேலும் என் மேலும் வந்து நிற்கிறது. நம் வக்கீல் எனக்குப் பொறுமையாகத்தான் விளக்கினார். இவ்வளவு மெதுவாகப் போகிற பேட்டரி வண்டி சட்டப்படி மோட்டார் வண்டியே கிடையாது, மோட்டார் வண்டி இல்லையென்றால் இந்தக் கோர்ட்டில் இழப்பீடு கேட்க முடியாது, மனு தள்ளுபடியாகிவிடும். "நீங்க பின்னால உக்காந்திருந்தவங்க. மெதுவாத்தான் போச்சுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்மா. இன்ஸ்பெக்டரே எழுதியிருக்காரு" என்றார். பூட்டு எடுத்திருந்தது என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்படியென்றால் அது பதிவில்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி. கொடுக்க வேண்டியது முழுக்க இந்த வீட்டின் தலையில் விழும். பூட்டைத் திரும்பப் போட்டது யார் என்ற கேள்வி அடுத்து வரும் என்றார். "யோசிச்சுப் பேசுங்கம்மா, பையன் வெளிநாடு போறான்" என்றார்.

நீயும் அதையேதான் சொல்கிறாய். உன் பக்கமும் நியாயம் இருக்கிறது, நான் யோசிக்காமல் இல்லை. இப்படி ஒரு வழக்கு பெரிதானால் எல்லாப் பேட்டரி வண்டிக்கும் கெடுபிடி வரும், நடக்க முடியாத எத்தனையோ வயதானவர்கள் மறுபடி வீட்டுக்குள் முடங்குவார்கள் என்றாய். புகையில்லாத வண்டியைப் பற்றி ஜனங்களுக்குப் பயம் வந்துவிடும் என்றாய். வரட்டும் என்று நான் சொல்லவில்லை. உன் வண்டி நல்ல வண்டிதான், குமரா. இந்த மலைக்கும் சாரலுக்கும் அது நல்லதுதான். ஆனால் அதற்கு நடுவில் ஒரு மனிதர் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாரே, அவரிடம் போய், உன்னை இடித்தது வண்டியே இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? எந்த வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது, எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று நீதான் பெருமையாகச் சொல்வாய். அன்றைக்கு விடியலில் அந்த வளைவில் போன வேகம் மட்டும் ஒருவருக்கும் தெரியாமல் போகலாமா? உன் அப்பா போலீஸ்காரரிடம், வண்டின்னு எழுதுங்க சார் என்றார். அவர் ஊரறியப் பேசிய கடைசி உண்மையை நானே கோர்ட்டில் ஏறிப் பொய்யாக்க மாட்டேன்.

பங்குனியில் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ அதற்கு முந்தின வாரம் விமானம் ஏறுகிறாய். நாள் பார்த்துத்தான் டிக்கெட் எடுத்தாயா என்று நான் கேட்கமாட்டேன். வீடு போனால் போகட்டும். குத்துக்கல்வலசையில் உன் சித்தி வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது, எனக்கு ஒரு அறை போதும். உன்னை இந்தக் கடிதத்தில் மிரட்டவில்லை, சாபம் இடவில்லை. பெற்ற பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறவள் நான். கோவிலுக்குப் போய் நின்றால் அங்கேயும் உன் பெயரில்தான் ஒருவன் நிற்கிறான், என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். இனி உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன், நீ என்னை அம்மா என்று கூப்பிடுவாயா என்றெல்லாம் அழுதாகிவிட்டது. அழுது முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கூண்டில் ஏறி என்ன சொல்லப்போகிறேன் என்று உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹார்ன் அடிக்க வேண்டாம் என்று நான் சொன்னதைச் சொல்வேன். கண் சரியில்லை என்று தெரிந்தே அவரை ஓட்ட விட்டு, பின்னால் உட்கார்ந்து போனதைச் சொல்வேன். வண்டி வேகமாகப் போனது, பூட்டு எடுத்திருந்தது எனக்குத் தெரியும் என்பேன். ஸ்டேஷனில் அவர் வாய் திறந்தபோது நான் தட்டி நிறுத்தியதையும் சொல்வேன். பிறகு பூட்டை மறுபடி போட்டது யார் என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் நான் பதில் சொல்லப்போவதில்லை. "அது எம் மவன் சொல்ல வேண்டியது, ஐயா. அவன் வருவான்" என்று சொல்லிவிட்டு நிற்பேன்.

கம்பளிச் சட்டை என் கட்டிலில்தான் இருக்கிறது. பொடிப் பொட்டலத்தை நாளைக்கே கூரியரில் அனுப்பிவிடுகிறேன், சட்டையை நீ வந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று கூண்டில் நான் சொல்லப்போவது எல்லாம் நடந்தவை, ஒன்றும் மாறாது. பொய்யாகிப் போகக்கூடியது கடைசியில் சொல்லும் அந்த ஒரு வார்த்தைதான், குமரா: அவன் வருவான்.

அம்மா